நலம் நாடுவோம்: கிருமியின் பட்டறை

மழைக்காலம் பிறந்தால் நம் குடியிருப்புகளில் டைபாய்டு என்ற பேச்சு எழாமற் போவதில்லை. உடல் அனலாய்க் கொதிக்கும்போது அக்கிருமி மட்டும் மாளாதிருப்பது எங்ஙனம் என்று அன்பர்கள் வினவக்கூடும். அதற்கு விடை காண்பதே இத்திங்கள் நம் நோக்கம்.

டைபாய்டை விளைவிக்கும் சால்மொனெல்லா என்னும் கிருமி, அசுத்த நீரின் வாயிலாகவும் உணவின் வாயிலாகவும் நம் வயிற்றை அடைகிறது. அங்கே அமிலம் அதனைத் தாக்குகிறது. குடலைக் கடந்தாலோ, வெள்ளணுக்கள் அதனை விழுங்கி, ஹைட்ரஜன் பெராக்ஸைடு முதலிய நச்சுக்களைச் சொரிகின்றன. இவற்றால் கிருமியின் புரதங்கள் உருக்குலைகின்றன. அவை குவிந்தால் கிருமி பிழைப்பது அரிது.

ரயில்வே பட்டறையில் பழுதுற்ற வண்டியைச் செப்பனிட இயன்றால் செப்பனிடுவர். இயலாவிடில் உடைத்துப் பழைய இரும்பாக்குவர். கிருமியிடமும் இத்தகைய ஏற்பாடு உண்டு. கெட்ட புரதத்தை அறுத்தெறியும் பொருள்களைப் 'புரோட்டியேஸ்' என்பர். அவற்றுள் ஒன்று 'எச்.டி.ஆர்.ஏ.' என்பது. கிருமியின் இரு உறைகளுக்கும் இடையே அது பணிபுரிகிறது. நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற நுண்ணுயிரில் இப்பொருளை நீக்கியபோது, 42 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சூட்டில் அது வளரவில்லை என்பது 1980களின் இறுதியில் தெரியவந்தது. குறைந்த சூட்டில் புரதத்தைச் செப்பனிடும் இதே பொருள், சூடு மிகுந்தால் அறுக்கும் கத்தியாகிறது என்று 1999இல் கண்டனர். என்னே இயற்கையின் சிக்கனம்!

நோய்க்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1991இல் வெளிப்பட்டது. சுண்டெலிகளுக்கு டைபாய்டு போன்ற நோய் தரும் சால்மொனெல்லாவினின்று இதனை நீக்கியதும், பெராக்ஸைடு போன்ற நச்சுக்களைத் தாங்கும் ஆற்றலை அக்கிருமி இழந்தது; சுண்டெலிகளைக் கொல்லும் வன்மையும் ஒழிந்தது. பட்டறையை இழந்த பகைவன் பல்லிழந்த பாம்பானான். இதையொட்டியே, இப்பொருளும் வேறு சிலவும் நீக்கப்பட்ட டைபாய்டுக் கிருமியை வாய்வழித் தடுப்பு மருந்தாக்கி, 1990களில் தன்னார்வலர்க்குக் கொடுத்துச் சோதித்தனர்.

இதனால் நாம் அறிவது யாது? வெள்ளணுவினுள்ளும் பிழைத்திருக்கவல்ல பகைவன் இவன். சுரம் தணிந்தது கண்டு, மருத்துவர் குறித்த நாட்கள் முடியுமுன் மருந்தை நிறுத்துதல் தகாது. விடுப்பு முடிந்ததே, அலுவல் காத்திருக்கிறதே என்னும் அவசரம் நோய் மீளவே இடந்தரும். தனியே அறையெடுத்து வாழும் இளைஞர்கள் இதனைச் சிறப்பாக மனங்கொள்க. நீரைக் கொதிக்க வைத்துப் பருகுவோம். உண்ணுமுன் கை கழுவுவோம். தடுப்பூசி குறித்து மருத்துவரைக் கலந்துகொள்வோம். பகைவன் உட்புகாதிருக்கச் செய்வதே நம் கடன்.