குழந்தைக்குக் கண் தெரியாவிட்டால் தாய் மீது பழியா?

ஒரு வீட்டில் குழந்தை பிறக்கிறது. சில மாதங்கள் ஆகின்றன. தாய் முகத்தைக் காட்டிச் சிரிக்கிறாள். குழந்தை அவளைப் பார்க்கவில்லை. விளக்கு வெளிச்சத்தை மட்டும் உற்று உற்றுப் பார்க்கிறது.

உடனே என்ன நடக்கிறது? "கிரகணத்தில் வெளியே போயிருப்பாள்" என்கிறார் பாட்டி. "முன் ஜென்மப் பாவம்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கடைசியில், பழி முழுவதும் பெற்றவள் தலையில் விழுகிறது.

இது அநியாயம்! விஞ்ஞானமே இதற்குச் சாட்சி.

எழுத்துப் பிழை

நம் உடலை நடத்தும் குறிப்புகள் ஒவ்வோர் உயிரணுவிலும் இருக்கின்றன. அவற்றுக்கு மரபணு என்று பெயர். பெரும்பாலான குறிப்புகளுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று தந்தை தந்தது. மற்றொன்று தாய் தந்தது. ஒன்றில் பிழை இருந்தாலும் மற்றது சமாளித்துக்கொள்ளும். இரண்டிலும் பிழை இருந்தால்தான் இந்த வகைப் பார்வைக் குறை வருகிறது.

அதாவது, தந்தையும் பாதி, தாயும் பாதி. இருவரும் நல்ல கண்ணுடன் இருப்பார்கள். தங்களிடம் பிழை இருப்பது அவர்களுக்கே தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இதில் தாயை மட்டும் ஏசுவது என்ன நியாயம்?

பார்வை பெற்ற நாய்

அமெரிக்காவில், பிலடெல்பியா நகரின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவர் டாக்டர் ஜீன் பென்னட் அம்மையார். அவருடைய கணவர் ஆல்பர்ட் மகுவயர் கண் அறுவை நிபுணர். ஆர்.பி.இ.65 என்ற மரபணு கெட்டுப்போனால், விழித்திரை வைட்டமின் 'ஏ' சத்தைச் சரியாகப் பயன்படுத்த முடியாது. பார்வை மங்கிப் போகும். நல்ல மரபணுவை உள்ளே சேர்த்தால் என்ன? இதுதான் அவர்கள் கேட்ட கேள்வி.

தீங்கு செய்யாத ஒரு வைரஸ் கிருமியைத் தபால்காரராக்கினார்கள். அதன் பையில் நல்ல மரபணுவை வைத்து, விழித்திரைக்கு அடியில் ஊசி மூலம் செலுத்தினார்கள். பிறவியிலேயே பார்வை இழந்த நாய்கள் பார்க்கத் தொடங்கின. 2001-ல் இந்தச் செய்தி வெளியானது. லான்சலாட் என்ற நாய் புகழ் பெற்றது. சோதனைக்கு வந்த நாய்களில் இரண்டைத் தம்பதியர் வீட்டிலேயே வளர்த்தார்கள்.

2007-ல் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. மறு ஆண்டு, 8 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஒரு கண்ணில் சிகிச்சை நடந்தது. நான்கே நாளில் மிருகக்காட்சி சாலைக்குப் போனவன், வெயிலில் கண் கூசுகிறது என்று கத்தினான்! வெளிச்சம் கூசுகிறது என்று பிள்ளை அழுததைக் கேட்டு மகிழ்ந்த பெற்றோரை எண்ணிப் பாருங்கள்.

2017 டிசம்பரில் அமெரிக்க அரசு இந்த மருந்தை அனுமதித்தது.

விலை என்ன தெரியுமா?

இரு கண்களுக்கும் சேர்த்து எட்டரை லட்சம் டாலர்! அன்றைய மதிப்பில் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல். நரம்பும் தசையும் தளரும் முதுகுத்தண்டு நோய்க்கும் இதே முறையில் ஒரு மருந்து 2019-ல் வந்தது. 2021-ல் தமிழ்நாட்டிலேயே ஒரு குழந்தைக்கு அந்த 16 கோடி ரூபாய் மருந்தை வாங்க, ஊரெல்லாம் நிதி திரட்ட வேண்டியிருந்தது. உண்டியல் குலுக்கியா ஒவ்வோர் உயிரையும் காப்பது? அரசாங்கங்கள் விலையைக் குறைக்கப் பேரம் பேச வேண்டும். நம் நாட்டிலேயே மருந்து செய்ய வழி காண வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

இந்த மருந்து எல்லாப் பார்வைக் குறைக்கும் அல்ல. இந்த ஒரு மரபணுவின் பிழைக்கு மட்டுமே. விழித்திரையில் உயிரணுக்கள் மிச்சம் இருந்தால்தான் பலன் தரும். ஆகவே, குழந்தையின் பார்வையில் சந்தேகம் வந்தால் மந்திரிக்க ஓடாதீர்கள், நாள் கடத்தாதீர்கள். கண் மருத்துவரிடம் காட்டுங்கள். மரபணுச் சோதனை தேவையா என்று கேளுங்கள்.

இன்னொன்று. அக்காள் மகள், மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே மணம் முடிப்பது நம் வழக்கம். ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து வந்த அதே பிழை இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். சொத்து வெளியே போகக்கூடாது என்று பார்க்கிறோம். பிள்ளையின் கண்ணைவிடச் சொத்து பெரியதா?

தாயின் கண்ணீரைத் துடையுங்கள். பிறகு குழந்தையின் கண்ணைக் கவனியுங்கள்!