மெய்ப்பிக்க வேண்டியவர் யார்?

கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலையை நாம் ஏறத்தாழ மறந்துவிட்டோம். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பெற்று, 1983-இல் நம் மலைமீது நிறுவப்பட்ட ஆலை அது. பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய பொருள் கடையொன்றில் குவிந்து கிடப்பது வெளிப்பட்டது. மக்கள் திரண்டனர், ஆலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலேறியது.

கழிவு வந்த வழியே திரும்பிவிட்டது. அங்கு உழைத்தவர்களின் உடல் இழந்த நலத்தை எந்தக் கப்பல் திரும்பக் கொண்டுவரும்?

பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாவது. அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு உட்செல்வதில் ஏறத்தாழ 80 விழுக்காடு குருதியில் கலந்துவிடும். மூளையைத் தாக்கிக் கைநடுக்கமும் மறதியும் உறக்கமின்மையும் தரும், சிறுநீரகத்தில் படியும், தாயின் நச்சுக்கொடியைக் கடந்து கருவையும் எட்டும். இவை நேற்றறிந்த செய்திகள் அல்ல. பாதரசத்தைக் கையாண்ட முகக்கண்ணாடித் தொழிலாளரின் நோய்களை இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமஸ்ஸினி 1700-இலேயே எழுதிவைத்தார். நமது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் பாதரச நஞ்சேற்றத்தைத் தொழில்நோயாகப் பட்டியலிட்டிருந்தது.

ஆயினும், 'நோயுற்றோம்' என்று தொழிலாளர் முறையிட்டபோது, பாதரசத்தால் எவர்க்கும் தீங்கில்லை என்றே நிறுவனம் மறுத்து வந்தது. மெய்ப்பிக்கும் சுமை உழைத்தவர் தலையில் விழுந்தது.

இது நேர்மைதானா? உடலில் சேர்ந்த பாதரச ஆவி ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பாதியாகக் குறைந்துவிடும். குருதியும் சிறுநீரும் அண்மைக் காலத்தைப் பற்றியே சான்று கூறும். ஆலை மூடிப் பல மாதம் கழித்துச் சோதித்து, 'அளவு இயல்பாக உள்ளது' என்பது, விருந்து முடிந்த மறுமாதம் எச்சில் இலையைத் தேடிப் பார்த்துவிட்டு, 'விருந்தே நடக்கவில்லை' என்பதற்கு ஒப்பாகும். நஞ்சு போய்விட்டது, நடுக்கம் நின்றுவிட்டதா?

சான்றின்றிக் குற்றம் சாட்டினால் தொழில் வளருமா எனச் சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. ஆனால் சான்று யாரிடம் இருக்கிறது? காற்றை அளப்பவர் முதலாளி. மருத்துவக் குறிப்பேட்டைப் பூட்டி வைப்பவரும் அவரே. தான் எதைச் சுவாசித்தோம் என்றே அறியாத ஏழையிடம் ஆதாரம் கேட்பது, திறவுகோலைத் தன் மடியில் முடிந்துகொண்டு, கதவைத் திறக்கச் சொல்வதாகும்.

2006-இல் முன்னாள் தொழிலாளர் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். 2016 மார்ச்சில் 591 பேருக்கென உடன்பாடு ஏற்பட்டது, தொகை வெளியிடப்படவில்லை. மனிதநேய அடிப்படையில் தருவதாக நிறுவனம் சொன்னது. மனிதநேயம் நன்றே. ஆனால் நீதி அமர வேண்டிய இருக்கையில் இரக்கத்தை அமர்த்தலாகாது. இரக்கம் கொடுப்பவரை உயர்த்துகிறது. நீதியோ பெறுபவரை நிமிர்ந்து நிற்கச் செய்கிறது.

பாதரச வெப்பமானிகள் மறைந்து வருகின்றன. 2013-ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றுறுதி செய்தது. ஆனால் பென்சீனும் குரோமியமும் கல்நாரும் நம் பிள்ளைகளின் பணியிடங்களில் இன்றும் உள்ளன. ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று: கையாளும் பொருளின் பெயரும் தீங்கும் தமிழில் எழுதித் தரப்பட வேண்டும், காற்றளவும் குருதிச் சோதனை முடிவும் தொழிலாளர் கையில் ஆண்டுதோறும் சேர வேண்டும், நோய் வந்தால், அது தம் ஆலையால் வந்ததன்று என்பதை முதலாளியே மெய்ப்பிக்க வேண்டும்.

கூலி, உழைப்புக்குத் தரும் விலை; உடலுக்குத் தரும் விலையன்று.