கியர் சைக்கிள் வேணுமா, வேண்டாமா?



அரசு தரும் சைக்கிளில் கியர் வைத்துக் கொடுத்தால் என்ன என்று சாப்பாட்டு மணி அடித்ததும் வேப்பமரத்தடியில் தினமும் சண்டை. 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கிய திட்டம் அது. பிறகுதான் பிளஸ் ஒன் படிக்கும் மற்றவர்களுக்கும் வந்தது. நான் பத்தாவது படிக்கும்போது கியர் சைக்கிளில் வந்தவள். அதனால் எனக்கும் பேச உரிமை உண்டு!

நம்ம ஊர் சமதரைதானே, கியர் எதுக்கு என்பார்கள். ஆடி மாசம் திருச்சுழிப் பக்கமிருந்து அருப்புக்கோட்டைக்கு மேல்காற்றை எதிர்த்து மிதித்துப் பார்த்தவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. அதிலும் கேரியரில் தம்பி உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

என் சைக்கிள் மதுரை மாமா மகன் ஓட்டிப் பழசானது. பின்சக்கரத்தில் ஆறு பல்சக்கரம். பக்கத்தில் தொங்கும் சின்னக் கை ஒன்று செயினைத் தள்ளி மாற்றிவிடும். அதன் பேர் டீரெய்லர். வெயில் காலம் முழுக்க ராஜாத்தி மாதிரி போனேன். ஐப்பசி மழையில் கரிசல் மண் அந்தக் கையில் அப்பிக்கொண்டது. குச்சி வைத்துச் சுரண்டுவேன், அரை மைல் போனால் திரும்ப அப்பும். ஒருநாள் சைக்கிள் சாய்ந்து விழுந்து கை உள்பக்கம் வளைந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. மறுநாள் பெரிய பல்லுக்கு மாற்றினேன். கை கம்பிக்குள் மாட்டி நாலு கம்பி போச்சு.

கடை அண்ணாச்சியிடம் கம்பி இருந்தது, டீரெய்லர் இல்லை. "மதுரையிலிருந்து வரணும் பாப்பா" என்றார். எங்க ஊருக்குக் காலையில் ஒரே பஸ், பள்ளிக்கூடமோ ஏழு கிலோமீட்டர். பஸ்ஸை விட்ட இரண்டு நாள் லீவு. மூன்றாம் நாள் அண்ணாச்சியே ஒரு வேலை செய்தார். டீரெய்லரைக் கழற்றி வீசிவிட்டு, செயினில் சில கண்ணிகளை வெட்டி, நடுப்பல்லில் மாட்டி, சாதா சைக்கிளாக்கிவிட்டார். கால் மணி நேரம்தான்! எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை என்பதால்தான் அது முடிந்தது.

இன்னொரு வகை உண்டு, ஹப் கியர். கியர் முழுக்க பின்சக்கரத்துக் குடத்துக்குள்ளேயே இருக்கும். இங்கிலாந்தின் ஸ்டர்மி-ஆர்ச்சர் கம்பெனி நூறு வருஷத்துக்கு முன்பே மூன்று கியர் குடம் செய்தது. அவர்களுடைய 1936-ஆம் வருஷத்து ஏ.டபிள்யூ. குடத்தில், பல்சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் முதல் கியரில் முக்கால் சுற்று, இரண்டாவதில் ஒரு சுற்று, மூன்றாவதில் ஒன்றே மூன்றில் ஒரு பங்கு சுற்றும். நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிவரும் குட்டிச் சக்கரங்கள், சூரியனும் கிரகமும் போல. மண் உள்ளே போகாது, கீழே விழுந்தால் வளைய வெளியே கை கிடையாது. (டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலேயே அணி வீரர்களுக்கு டீரெய்லர் அனுமதி 1937-இல்தான் வந்ததாம்!)

குறையும் உண்டு. கேபிள் தளர்ந்தால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் பிடி இல்லாமல் மிதி வெறுமனே சுற்றும். எழுந்து நின்று மிதிப்பவர்கள் பல்லைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்! ஆனால் கேபிளை நாமே திருகிச் சரிசெய்யலாம். உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் உடைந்தால்தான் வம்பு. "பஞ்சர், கோட்டம், ஓவராயில் எல்லாம் பாப்பேன். அதைப் பிரிச்சா திரும்ப மாட்டத் தெரியாது" என்கிறார் அண்ணாச்சி. அவர் கட்சி டீரெய்லர்தான்.

நான் அவர் கட்சி இல்லை. மழைக்காலம் முழுக்க வாரம் ஒருமுறை மக்கர் செய்து பதினைந்து நிமிஷத்தில் சரியாகிற வண்டியைவிட, பல வருஷத்துக்கு ஒருமுறை கெடுகிற வண்டிதான் பஸ் இல்லாத ஊர்ப் பிள்ளைக்கு வேண்டும். அந்த ஒருமுறைக்கும் வழி இருக்கு. நமக்குத் தரும் சைக்கிளெல்லாம் ஒரே அளவுதானே? குடத்தோடு கோர்த்த பின்சக்கரம் இரண்டு பள்ளிக்கூடத்திலேயே இருக்கட்டும். கெட்டதைக் கழற்றி நல்லதை மாட்டி அனுப்பலாம். கெட்டது நிதானமாக மதுரை போய் வரட்டும்.

அப்படிச் செய்யாமல் வெறும் கியர் மட்டும் கொடுப்பதென்றால், இப்போது இருக்கிற சாதா சைக்கிளே போதும். காற்றுக் காலத்தில் இறங்கித் தள்ளிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிளஸ் டூ மாணவி ஒருத்தி