பெயரும் பிரயாணச் சீட்டும்

அந்நிய தேசத்துக்கு விமானச் சீட்டுப் பதிவு செய்கிறவர் தம் பெயரையும் குடும்பப் பெயரையும் பிறந்த தேதியையும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் தரவேண்டுமென்னும் நிபந்தனை பாதுகாப்பின் நிமித்தம் நியாயமானதே. ஆயினும், தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்து ஒற்றைப் பெயராலேயே ஆயுள் முழுதும் அறியப்படுகிற நம் காரைக்கால் வாசிகள் பலருக்குக் குடும்பப் பெயர் ஏது? இவ்வூர் பிரெஞ்சு ஆட்சியிலிருந்தபோது, 1881ஆம் ஆண்டு ஆணையின்படி சுதேச வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் அப்போதே குடும்பப் பெயர் பூண்டு பதிவேட்டில் ஏறிவிட்டமையால், பாரிஸுக்குச் சீட்டெடுக்கும் அவர்களுடைய சந்ததியாருக்கு இச்சங்கடம் பெரும்பாலும் இல்லை. அதே தெருவில் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் அண்டை வீட்டாருக்கோ குடும்பப் பெயருக்கான கட்டம் வெறுமையாகக் கிடக்க, டிராவல்ஸ்காரர் ஒரே பெயரை இருமுறை அடித்துப் பதிவை முடிக்கிறார். ஒற்றைப் பெயருடையோர்க்கு விசிட் விசாவில் அனுமதியில்லை என்று 2022 நவம்பரில் அறிவித்த ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதுமென்று பின்னர்த் தளர்த்தியது. அந்தத் தளர்வையே நான் உசிதமான மார்க்கமெனக் கருதுகிறேன். தகப்பனார் பெயருக்கென ஒரு கட்டத்தை விமானக் கம்பெனிகளும் தத்தம் பதிவுப் படிவங்களில் சேர்க்குமாயின், கடன் வாங்கிச் சீட்டெடுத்துத் துபாய்க்குப் புறப்படும் பிள்ளை, பெற்றோர் இட்ட பெயரையே காரணமாகக் கொண்டு திருச்சி விமான நிலையத்தில் தடுக்கப்படமாட்டான்.