சேர்க்கும் நாளிலேயே கேட்க வேண்டும்



தமிழகத்தின் பொது மருத்துவமனைகள் பலவற்றில், உள்நோயாளியாகச் சேர்பவரிடம் உறவினர் சூழ நிற்கவே "குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டு, கேஸ் ஷீட்டில் ஒரு சொல்லைக் குறித்துக்கொள்வதோடு போதைப் பழக்கம் பற்றிய விசாரணை முடிந்துவிடுவது கண்டிக்கத்தக்கது. மனைவியும் மாமனாரும் அருகில் இருக்கையில் மெய்யான பதில் வருவது அரிது. வந்தாலும் அதைக் கொண்டு மேற்கொண்டு எதுவும் செய்யப்படுவதில்லை.

இதன் விளைவு இரண்டாம், மூன்றாம் நாளில் வார்டில் தெரிகிறது. கால் எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர் கை நடுங்கி, வியர்த்து, போர்வையில் இல்லாத பூச்சிகளைத் தட்டிவிட்டு, குளுக்கோஸ் ஏறும் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார். பல்லாண்டுகள் நாள்தோறும் குடித்துப் பழகிய உடலுக்குத் திடீரென மது நின்றுபோவதால் வரும் இந்நிலையின் கடும் வடிவம், டெலிரியம் ட்ரெமென்ஸ் எனப்படுவது, உயிரையும் பறிக்கக்கூடியது. சேர்த்த அன்றே பழக்கம் தெரிந்திருந்தால் உரிய மாத்திரைகளால் பெரும்பாலும் தடுத்திருக்கக்கூடிய ஒன்றுக்காக, நோயாளியின் கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டிவைக்க நேர்வது கொடுமை.

இதற்கான கருவி புதிதாக உருவாக்கப்பட வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' வினாத்தொகுப்பு, எவ்வளவு, எத்தனை முறை குடிக்கிறார், குடித்தபின் நடந்தது மறந்துபோகிறதா என்பன போன்ற 10 கேள்விகளால் 0 முதல் 40 வரை மதிப்பெண் தருகிறது. 8-ஐ எட்டினாலே எச்சரிக்கை. கஞ்சா, அபின் வகை, தூக்க மாத்திரை ஆகியவற்றுக்கு அதே நிறுவனத்தின் 'அசிஸ்ட்' உள்ளது. பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் சில நிமிடங்களில் கேட்டு முடிக்கக்கூடியவை இவை. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருப்பதாக 2019-இல் வெளியான தேசிய ஆய்வு கூறுவதால், வேறு நோய்க்காக வந்து படுத்திருக்கும் நாட்களைக் கைநழுவ விடுவது பெரும் பிழை.

கேட்கப்படும் செய்தி வெளியே போகாது என்ற உறுதியும் இதற்கு இன்றியமையாதது. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் ஒரு பொது மருத்துவமனை, கர்ப்பிணிகளின் சிறுநீரைக் கொக்கெய்னுக்காகச் சோதித்து முடிவைக் காவல்துறைக்கு அளித்துவந்தது. நோயாளியின் ஒப்புதலின்றி அவ்வாறு செய்வது அரசியலமைப்புக்கு முரண் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் மனநோயின் வரையறைக்குள் சேர்த்து, சிகிச்சை விவரங்களின் இரகசியத்தை உரிமையாக்கியிருக்கிறது.

ஆகவே, உள்நோயாளிகள் அனைவரிடமும் இவ்வினாக்களை உறவினரை விலக்கித் தனியிடத்தில் கேட்கவும், பதில்களைச் சிகிச்சையளிப்போர் மட்டுமே அறியவும், மதிப்பெண் மிகுந்தவர்கள் வீடு திரும்புமுன் மனநல மருத்துவரைப் பார்க்கவும் மக்கள் நல்வாழ்வுத் துறை உடனே ஆணை பிறப்பிக்க வேண்டும்.

வாசகர் ஒருவர்,
திருச்சி