பதினாலு படம் பார்க்கப் போலாமா?



சுற்றுலா என்றாலே நமக்கு ஊட்டி, மலம்புழா, பிளாக் தண்டர் இவைதான் ஞாபகம் வரும். அதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் துடியலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வருகிற மாதிரி ஒரு சுற்றுலா இருக்கிறது. அதற்கு நம் பள்ளியிலிருந்து போக வேண்டும் என்பதுதான் என் கருத்து.

கிறிஸ்தவர்களுக்கு ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாட்கள் தவக்காலம். சிலர் லெந்து நாட்கள் என்பார்கள். சாம்பல் புதனில் ஆரம்பிக்கும், ஞாயிறுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பல பேர் கறி மீன் சாப்பிட மாட்டார்கள். நம் ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டினால் நாமும் அப்படித்தானே இருக்கிறோம்? ரம்ஜான் நோன்பும் நமக்குத் தெரியும். ஆகவே இது நமக்குப் புரியாத விஷயமே இல்லை.

கத்தோலிக்க ஆலயங்களில் உள்சுவரில் இரண்டு பக்கமும் பதினாலு படங்களோ சிற்பங்களோ வரிசையாக இருக்கும். அதற்குச் சிலுவைப்பாதை என்று பெயர். இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்வது முதல் படம். கல்லறையில் வைப்பது பதினாலாவது. படங்கள் பதினாலுதான் என்று 1731-ல் போப் பன்னிரண்டாம் கிளமெண்ட் முடிவு செய்தார். ஜெருசலேமுக்குப் போக முடியாத ஏழைகள் தங்கள் ஊரிலேயே அந்த வழியை நடந்து பார்க்க வேண்டும் என்பதற்காகப் பரவிய வழக்கம் இது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மக்கள் கூட்டமாக ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, ஜெபித்து, அடுத்ததற்குப் போவார்கள்.

போன வருஷம் பக்கத்து வீட்டு அக்கா கூட்டிப் போனதால் நானும் பார்த்தேன். மூன்று படத்தில் அவர் கீழே விழுகிறார். மூன்றாவது, ஏழாவது, ஒன்பதாவது. சாமி என்றால் ஜெயிக்கிற மாதிரிதானே வரைவார்கள், இங்கே விழுகிறாரே என்று எனக்கு ஆச்சரியம். ஐந்தாவது படத்தில் சீமோன் என்று ஒருத்தர். ஊருக்கு வெளியே இருந்து வந்துகொண்டிருந்தவரைப் பிடித்துச் சிலுவையைத் தூக்க வைக்கிறார்கள். தோட்டத்து வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற எங்க அப்புச்சி மாதிரியே இருந்தார். ஆறாவதில் வெரோனிக்கா என்ற பெண் முகத்தைத் துடைத்து விடுகிறார். சுற்றிலும் வேலோடு சிப்பாய்கள் நிற்கும்போது, ஒரு துணியோடு முன்னால் வர எவ்வளவு தைரியம் வேண்டும்! பதின்மூன்றாவதில் அம்மா மடியில் மகன். இதே காட்சியைத்தான் மைக்கேல் ஆஞ்சலோ இருபத்திநாலு இருபத்தைந்து வயதில் பளிங்கில் செதுக்கினார். 1972-ல் ஒருத்தர் சுத்தியலால் அதை உடைத்தார். சரிசெய்து இப்போது கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள்.

“நமக்கெதுக்கு கண்ணு அங்கெல்லாம் போகோணும்?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். “மதம் மாத்தக் கூட்டிப் போறாங்கன்னு பேச்சு வருமே” என்று ஆசிரியர்களும் யோசிப்பார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அதற்கு என் பதில் இது. காந்தியடிகள் 1931-ல் வாடிகன் போனபோது அங்கிருந்த சிலுவை உருவத்தின் முன் நகர முடியாமல் கண்கலங்கி நின்றாராம். அதனால் அவர் மதம் மாறிவிட்டாரா? கடைசி வரைக்கும் ராம பஜனைதான் பாடினார். அடுத்தவர் துன்பத்தைப் பார்த்து நின்றதால் அவர் ஒன்றும் குறைந்து போகவில்லை.

இன்னொன்று. டவுன் ஹாலில் இறங்கினால் பெரிய கடை வீதியில் கோனியம்மன் கோயில் இருக்கிறது. அதே வீதியில் புனித மிக்கேல் பேராலயம். நடக்கிற தூரத்தில் ஒப்பணக்கார வீதியில் அத்தர் ஜமாஅத் பள்ளிவாசல். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நாம் ஒன்றின் வாசலோடு நின்றுவிடுகிறோம். 1998 பிப்ரவரி 14-ல் இதே கோவையில் குண்டு வெடித்து 58 பேர் இறந்தார்கள். நாமெல்லாம் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. ஆனாலும் “அந்தப் பக்கம் போகாதே” என்ற பேச்சு இன்றைக்கும் நம் காதில் விழுகிறது. ஒருத்தர் சாமியை ஒருத்தர் பார்க்காமலே இருந்தால் பயம்தான் வளரும். பார்த்தால் குறையும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, விருப்பமுள்ளவர்கள் மட்டும், வீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவோம். அங்கே முன்கூட்டியே அனுமதி கேட்போம். யாரும் கும்பிட வேண்டியதில்லை, பாட வேண்டியதில்லை. செல்போன் வேண்டாம், சிரிப்பு வேண்டாம். ஒரு படத்துக்கு இரண்டு நிமிஷம் சும்மா நின்று பார்ப்போம். திரும்பி வந்து அவரவர் மனதில் நின்ற ஒரு படத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவோம். அடுத்த முறை நம் கிறிஸ்தவ, முஸ்லிம் தோழிகள் எங்களோடு பேரூர் கனகசபைக்கு வரட்டும். அங்கே யானையை உரித்த சிவனை நாங்கள் காட்டுகிறோம். நம்ம துடியலூர் சாமிக்குப் பெயரே விருந்தீஸ்வரர்தானே. சுந்தரருக்கு விருந்து வைத்த சாமி. விருந்துக்குக் கூப்பிடவும், கூப்பிட்டால் போகவும் நமக்குச் சொல்லியா தர வேண்டும்?

தலைமையாசிரியர் அவர்கள் இதைப் படித்துவிட்டு ஒரு தேதி சொன்னால், பெயர்ப் பட்டியல் எழுதும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன். வர விருப்பமுள்ளவர்கள் என்னிடம் பெயர் கொடுங்கள். வேண்டாம் என்பவர்கள் ஏன் வேண்டாம் என்று அடுத்த இதழில் எழுதுங்கள். அதையும் படிக்க ஆசையாக இருக்கிறேன்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி