பாசமும் தொண்டும்

அமெரிக்க நாட்டின் உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் பேஸ்பால் ஆட்டத்தைப் பெற்றோர் கழகங்களே தாங்குகின்றன. பெற்றோர் சிற்றுண்டி விற்றும், கார்களைக் கழுவியும் பொருள் திரட்டுகின்றனர், மட்டையும் பந்தும் வாங்கித் தருகின்றனர், ஆடுகளத்தையும் செப்பனிடுகின்றனர். போற்றத்தக்க உழைப்பே இது. ஆயினும், அதே பள்ளியில் சாஃப்ட்பால் ஆடும் சிறுமியரை மறத்தல் முறையாகுமோ? மைந்தர்க்கு ஒளிவிளக்குக் களம், மகளிர்க்குப் புழுதிக் களம் என்றிருத்தல் நீதியன்று. 1972-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற 'ஒன்பதாம் தலைப்பு' என்னும் சட்டம், கூட்டரசின் பொருளுதவி பெறும் பள்ளிகளில் இருபாலார்க்கும் ஒத்த வாய்ப்பினை வற்புறுத்துகின்றது. பெற்றோர் தந்த பொருள் என்று கூறிப் பள்ளி அக்கடமையினின்று நீங்க இயலாது. சட்டம் வற்புறுத்துமுன் அன்பே அதனைச் செய்தல் வேண்டும். தம் பிள்ளைக்கு உதவுதல் பாசம். பள்ளிப் பிள்ளைகள் அனைவர்க்கும் உதவுதலே தொண்டு.